சிவக்கொழுந்து சாரைச் செஞ்சது

உங்களுக்கு எந்தக் காது அங்கிள் அடைச்சிருக்கு? இடதா? அப்ப நான் இந்தப் பக்கம் வந்து உக்கார்றேன். எனக்குக் காது இல்ல, தொண்டை. பேசவே கூடாதுன்னு போன தடவையே டாக்டர் சொல்லிட்டார். "தம்பி, வாயைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் தொறக்கணும், சரியா?" இப்படித்தான் சொல்வார், எல்லாம் மூக்கு வழியா. காது மூக்கு தொண்டை டாக்டர், அவருக்கே மூக்கு அடைச்சிருக்கு. அவர் யார்கிட்டப் போய்க் காட்டுவாரோ தெரியல.

சிரிக்கிறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. எனக்குத்தான் இப்பல்லாம் சலிப்பா இருக்கு.

அம்மா கீழ மருந்துக்கடைல நிக்கிறாங்க. அவங்க வர்றதுக்குள்ள சொல்லிடறேன். வந்துட்டாங்கன்னா, "லூசியன், உன் வாயை என்னடா பண்றது, தச்சுடவா?" அப்படிம்பாங்க. என் பேர் லூசியன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர், அதனால எங்க வீட்ல எல்லாருக்கும் பேர் அந்த மாதிரிதான். பசங்க சுருக்கி லூசுன்னு கூப்பிடுவாங்க. பழகிடுச்சு.

நான் படிக்கிறது பிரெஞ்சும் தமிழும் சேர்ந்த ஸ்கூல். பீச்சுக்கு ரெண்டு தெரு இந்தப் பக்கம். கணக்கு பிரெஞ்சுல, சயன்ஸ் பிரெஞ்சுல, வரலாறு பிரெஞ்சுல. தமிழ் மட்டும் தமிழ்ல. மத்த ஸ்கூல் பசங்கல்லாம் லீவு முடிஞ்சு புதுப் புஸ்தகத்துக்கு அட்டை போட்டுக்கிட்டிருக்கிறப்போதான் எங்களுக்கு வருஷமே முடியும். ஜூன் கடைசி. அந்த வேக்காட்டுல முற்றத்துல பந்தல் போட்டு விழா. பொடிசுங்க முயல் காது கட்டிக்கிட்டு மேடைக்கு வந்து அழும். வெள்ளைக்காரப் பிள்ளைங்க கும்மி அடிக்கும், நம்ம பிள்ளைங்க பிரெஞ்சுப் பாட்டு பாடும், அப்பா அம்மால்லாம் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, பின்னாடி இருக்கிறவங்களுக்கு மேடையே தெரியாது. கடைசில பரிசுச் சீட்டுக் குலுக்கல். அதுக்கு முன்னாடி நாங்க.

நாங்கன்னா, வாத்தியார் கூத்து. பிரெஞ்சுல அதுக்குப் பெரிய பேர் ஒண்ணு இருக்கு, நாங்க கூத்துன்னுதான் சொல்வோம். கடைசிக்கு முந்தின கிளாஸ் பசங்க வாத்தியாருங்களை மாதிரி பேசி, நடந்து காட்டணும். அவங்க முன்னாடியே. திட்ட மாட்டாங்க, அங்கிள். அங்கதான் விஷயமே. எங்க ஸ்கூல்ல அது மரியாதை. யாரைச் செய்றோமோ அவங்க எழுந்து மேடைக்கு வந்து, செஞ்ச பையனுக்கு ரெண்டு கன்னத்துலயும் கன்னம் ஒட்டி, மைக்குல ஒரு வரி சொல்லிட்டு இறங்கணும். நாங்க செய்யாம விட்ட வாத்தியார் இருக்காரே, அவர் அடுத்த நாள் கேன்டீன்ல தனியா உக்காந்து சாப்பிடுவார். ஒருத்தர் கண்ணையும் பாக்க மாட்டார்.

இந்த வருஷம் அது என் பொறுப்பு. எனக்கு எல்லாக் குரலும் வரும். அலட்டல் இல்ல, வரும், அவ்வளவுதான். இங்க வந்ததுலேர்ந்து வாசல்ல டோக்கன் குடுக்கிற அக்கா குரல் வந்துடுச்சு. "பதினொண்ணு... பதினொண்ணு இருக்கீங்களா... இல்லன்னா பன்னெண்டு வாங்க, நான் என்ன பண்றது." பாருங்க, அவங்களே திரும்பிப் பாக்கிறாங்க.

ஆனா வேலை, அங்கிள். வேலைன்னா வேலை. விளையாட்டா ஆரம்பிச்சது, சித்திரை தாண்டினதும் தையல் கடை மாதிரி ஆயிடுச்சு. எல்லாரும் அளவு குடுக்க வந்துட்டாங்க. தலைமை ஆசிரியை மதாம் கோலெத் ஒருநாள் வராந்தாவுல என்னை நிறுத்திட்டாங்க. "லூசியான், நீ என்னெச் செய்யும்போது கை ஆட்டக் கூடாது. நான் கை ஆட்டுவதே இல்லெ." இதைச் சொல்றப்போ ரெண்டு கையும் காத்தாடி மாதிரி சுத்துது, நான் ஒரு அடி தள்ளி நிக்கவேண்டியதாப் போச்சு. கணக்கு வாத்தியார் மெசியே பஸ்தியான், அவர் வளர்க்கிற நாயையும் சேர்த்துச் செய்யணும்னு கேட்டார். நாய் குரைக்கிறதைப் போன்ல பதிவு பண்ணி அனுப்பிவிட்டார், சந்தேகம் இருந்தா பாத்துக்கோன்னு. விளையாட்டு மாஸ்டர் பேசவே இல்ல. என்னைப் பாக்கிறப்பல்லாம் விசில் ஊதினார். ஊதிட்டுப் புருவத்தைத் தூக்கினார். சரி மாஸ்டர், புரிஞ்சது மாஸ்டர்.

யாருக்கு நான் முடியாதுன்னு சொல்வேன்? எல்லாருக்கும் சரின்னேன். தூங்கி எழுந்தா வாய்ல யார் குரல் இருக்கும்னு எனக்கே தெரியாது. அம்மா காபி வேணுமான்னு கேட்டா விசில்தான் வருது.

இப்படி இருக்கிறப்போதான் சிவக்கொழுந்து சார் கூப்பிட்டார். தமிழ் சார். அவரைப் பத்திச் சொல்லணும்னா, சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. வெளிர் நீலச் சட்டை. லாஸ்பேட்டைலேர்ந்து ஸ்கூட்டில வருவார். நான் முதல் கிளாஸ் சேர்றதுக்கு முன்னாடியே அங்க இருக்கார். ஒரு வருஷம்கூட யாரும் அவரைச் செஞ்சதில்ல. வேணும்னு விட்டதில்ல, அங்கிள். யாருக்கும் தோணல. வருஷா வருஷம் முதல் வரிசை ஓரத்துல உக்காந்து, எல்லாருக்கும் கை தட்டிட்டு, வீட்டுக்குப் போயிடுவார்.

கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போனதும், "தம்பி, ஒரு நிமிஷம்"னார்.

நின்னேன்.

"இந்த வருஷம் கூத்து உன் பொறுப்பாமே."

"ஆமா சார்."

"நல்லது, நல்லது. வேலை ஜாஸ்தியா இருக்கும்."

"இருக்கு சார்."

"எல்லாரையும் செய்றியா?"

"முடிஞ்ச வரைக்கும் சார்."

போர்டு சுத்தமாத்தான் இருந்தது. டஸ்டரை எடுத்து அதையே துடைச்சார். துடைச்சுக்கிட்டே போர்டைப் பாத்துப் பேசினார். "எங்க பொண்ணு கோயம்புத்தூர்லேர்ந்து வர்றா. மாப்பிள்ளையும் வர்றார். கல்யாணமாகி முதல் தடவை. விழாவைப் பாத்தே ஆகணும்னு மாப்பிள்ளை பிடிவாதமா இருக்கார். வீட்டம்மாவும் கிளம்பிட்டா."

"சந்தோஷம் சார்."

"வீட்ல நான் சொல்றது உண்டு, தம்பி. இந்த வருஷம் பசங்க என்னை இப்படிச் செஞ்சாங்க, அப்படிச் செஞ்சாங்கன்னு. சாப்பிடுறப்போ. சும்மா ஒரு பேச்சுக்கு. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா..." டஸ்டரைத் தட்டினார். "இத்தனை நாள் கூட்டமா இருக்கும், நீ வராதேன்னு சொல்லிச் சமாளிச்சாச்சு. இந்தத் தடவை வர்றாங்க."

எனக்குப் புரிஞ்சது. சாரை மேடையில செய்யலன்னா வீட்ல மானம் போயிடும். மாப்பிள்ளை முன்னாடி. சரி, இதுவும் ஒரு ஆர்டர்னு, "செஞ்சிடலாம் சார்"ன்னேன். அவ்வளவு சாதாரணமாச் சொன்னேன். அப்ப எனக்குத் தெரியாதே.

என்ன தெரியாதுன்னு கேளுங்க. சார் வரல.

குரல் வரல அங்கிள். நாலு பேருக்கு நடுவுல நஸ்ரின்கிட்ட செஞ்சு காட்டினேன். நஸ்ரின் என் கிளாஸ்தான், மேடைச் சாமான், திரை எல்லாம் அவ பொறுப்பு. பாத்துட்டு, "இது யாரு, போஸ்ட் ஆபீஸ்ல ஸ்டாம்ப் விக்கிறவரா?"ன்னு கேட்டா. இன்னொரு மாதிரி செஞ்சேன். "இது உங்க மாமா." அவ சொன்னது சரி, அது எங்க மாமாதான்.

சரின்னு சாரைக் கவனிக்க ஆரம்பிச்சேன். அதுதான் தப்பாப் போச்சு. நான் கவனிக்கிறேன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த திங்கக்கிழமை கையில ஒரு குடையோட வந்தார். மழையே இல்ல. உள்ள வந்ததும் குடையால மேஜையில டொக் டொக்னு தட்டினார், தட்டிட்டு என்னைப் பாத்தார். அது பஸ்தியான் ஸ்கேலால தட்டுறது, அங்கிள். அப்படியே எடுத்துட்டு வந்திருக்கார். அதுக்கடுத்த நாள், "அறிவுக் கொழுந்துகளே"ன்னு கூப்பிட்டார் எங்களை. யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்ல, பின் பெஞ்சுல ஒருத்தன் தும்மிட்டான். ஆனா சொல்றப்பவே கூச்சம் வந்து, 'களே' வெளிய வரல. வியாழக்கிழமை கையை ஆட்டி ஆட்டிப் பாடம் எடுத்தார். மதாம் கோலெத். எனக்குத் தலையில அடிச்சுக்கலாம்போல இருந்தது. ஒரு ஆளோட சொந்தக் குணம் அந்த ஆளுக்கே தெரியாது. தெரிஞ்சு செஞ்சா அது வேஷம். வேஷத்தைப் பாத்து நான் இன்னொரு வேஷம் போட முடியுமா? சார் என்னோட தொழிலுக்கே வந்துட்டார், அதுவும் சுமாரா.

"சார், நீங்க எப்பவும்போல இருங்க"ன்னு சொல்லிப் பாத்தேன்.

"எப்பவும்போலன்னா எப்படித் தம்பி?"ன்னார்.

நியாயமான கேள்விதான்.

அப்புறம் விழா நெருங்கிடுச்சு. நெருங்கினா ஒத்திகை. ஒத்திகைன்னா யார் பீரியட் போகும்? தமிழ்தான் போகும். எப்பவும் அப்படித்தான். கணக்கை யாரும் தொட முடியாது, சயன்ஸைத் தொட முடியாது. நாடக மதாம் வந்து, "மெசியே, எனக்கு நட்சத்திரங்கள் வேணும்"னு அஞ்சு பேரைக் கூட்டிட்டுப் போவாங்க. மாஸ்டர் வந்து விசில் ஊதி அணிவகுப்புக்குன்னு பாதி கிளாஸைக் கூட்டிட்டுப் போவார். மிச்சப் பேரை நானே கூத்துக்கு வேணும்னு கூட்டிட்டுப் போயிடுவேன். சாரை எப்படிச் செய்றதுன்னு ஒத்திகை பாக்கணுமே, அதுக்கு நேரம் வேணாமா? சார் ஒண்ணும் சொல்ல மாட்டார். "பரவாயில்லை, எடுத்துக்கங்க." எல்லாருக்கும் அதே. "பரவாயில்லை, எடுத்துக்கங்க."

ஒருநாள் தண்ணி பாட்டிலை மறந்துட்டேன்னு ஒத்திகையிலேர்ந்து திரும்பி வந்தேன். வராந்தா முனைலயே நின்னுட்டேன். எங்க கிளாஸ் வாசல்ல சார் நிக்கிறார். உள்ள பஸ்தியான், இன்னொரு கிளாஸ் பசங்களை வச்சுக் கணக்கு போட்டுக்கிட்டே இருக்கார். மணி அடிச்சு எவ்வளவோ நேரம் ஆச்சு, அந்தப் பசங்களுக்கு அது சாரோட பீரியட். சார் சாக்பீஸ் டப்பாவை இடுப்போட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். தூக்கின கை கதவுக்கு முன்னாடி நின்னுச்சு. தட்டல. அப்படியே திரும்பி வந்து மூக்கைத் தேய்ச்சது. ஏதோ மூக்கைத் தேய்க்கத்தான் தூக்கினாப்பல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும். கை போகுது, கதவுகிட்ட நிக்குது, திரும்பி வந்து மூக்கு.

அதான் ஆளு.

தண்ணி பாட்டிலை எடுக்காமலே திரும்பி ஓடினேன். "நஸ்ரின், ஒரு கதவு வேணும்"னேன். "கதவா? எதுக்கு?" "சார் கிடைச்சுட்டார்."

விழா அன்னைக்கு அடிச்ச வெயில் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கடல் காத்து வந்தது, ஆனா அதுவும் சூடு. முயல்கள் அழுதுச்சு. கும்மி முடிஞ்சது. எங்களைக் கூப்பிட்டாங்க.

முதல் வரிசைல எல்லாரும் உக்காந்திருக்காங்க. சார் ஓரத்துல, இந்தத் தடவை வெளிர் நீலம் இல்ல, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பக்கத்துல அவர் வீட்டம்மா, பொண்ணு, மாப்பிள்ளை. மாப்பிள்ளை போனை எடுத்து ரெடியா வச்சிருக்கார். எப்ப எப்பன்னு சாரோட காதுல கேக்கிறது மேடைக்கே தெரியுது. சார் வரும், வரும்னு தலையை ஆட்டுறார்.

கோலெத் செஞ்சேன், கையை ஆட்டியே செஞ்சேன், அவங்க எழுந்து வந்து கன்னம் ஒட்டி, "நான் இப்படியா?"ன்னு ரெண்டு கையாலயும் கேட்டாங்க. பஸ்தியான் செஞ்சேன். நாயும் செஞ்சேன். மாஸ்டருக்கு விசில் மட்டும், அதுக்கே பந்தல் அதிர்ந்தது. எல்லாம் நடந்தது. ஆனா உள்ளுக்குள்ள சொல்றேன் அங்கிள், எனக்கு அப்பவே களைச்சுப் போச்சு. இதெல்லாம் தெரிஞ்ச சிரிப்பு. வரும்னு தெரிஞ்சு வர்ற சிரிப்பு.

அப்புறம் நஸ்ரின் கதவைக் கொண்டுவந்து நடுவுல நிறுத்தினா. அட்டைக் கதவுதான். நான் சாக்பீஸ் டப்பாவை இடுப்புல அணைச்சுக்கிட்டு வந்து நின்னேன். ஒரு வார்த்தை பேசல. கையைத் தூக்கினேன். நிறுத்தினேன். மூக்கைத் தேய்ச்சேன்.

பந்தல்ல எல்லாரும் கழுத்தை நீட்டிப் பாத்தாங்க. அப்புறம் பின்னாடிலேர்ந்து ஒரு பெரிய கிளாஸ் அண்ணன் கத்தினான், "டேய், சிவக்கொழுந்து சார்டா." அவ்வளவுதான். பிடிச்சுக்கிச்சு. இத்தனை வருஷத்துல படிச்ச எல்லாருக்கும் அந்தக் கை தெரியும் அங்கிள், அவங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்கே தெரியாம இருந்தது. கதவுக்குப் பின்னாடிலேர்ந்து வர்ற மாதிரி நானே பஸ்தியான் குரல்ல, "மெசியே, இன்னும் ரெண்டே நிமிஷம்." நான் சார் குரல்ல, "பரவாயில்லை, நீங்க முடிங்க." கோலெத் குரல்ல, "மெசியே, எனக்கு உங்க கிளாஸ் வேணும்." "பரவாயில்லை, எடுத்துக்கங்க." விசில். "பரவாயில்லை." நாய் குரைச்சது. "பரவாயில்லை, உள்ள வா." ஒவ்வொண்ணுக்கும் கை போகும், நிக்கும், மூக்குக்கு வரும். கடைசில வீட்டுக்குப் போற மணி அடிக்குது. நான் மெதுவாக் கதவைத் தொறந்து உள்ள போறேன். ஒருத்தர் இல்ல. காலி பெஞ்சுகளைப் பாத்து வணக்கம் வைக்கிறேன். "நல்லது. இன்னைக்குப் பாடம் இதோட முடிஞ்சது."

தமிழ் தெரியாத வெள்ளைக்காரங்ககூட விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பஸ்தியான் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைக்கிறார். கோலெத் பக்கத்து நாற்காலி மேலயே சாய்ஞ்சுட்டாங்க. எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி ஒரு சிரிப்பு யாரும் கேட்டதில்ல, எங்க அம்மாவையே கேளுங்க. நான் சாரைப் பாத்தேன். சாரோட கை எழும்பி மூக்கைத் தேய்ச்சுக்கிட்டிருந்தது. அதைப் பாத்துட்டு முதல் வரிசை மறுபடியும் சிரிச்சது. மாப்பிள்ளை போனை இறக்கிட்டார், ஏன்னு தெரியல, சார்ஜ் தீர்ந்திருக்கும். சாரோட வீட்டம்மா மேடையையே பாக்கல. புருஷன் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு நிகழ்ச்சிக்கு வந்துட்டு இப்படியா? எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

சார் எழுந்து மேடைக்கு வந்தார். கன்னம் ஒட்டினார். கன்னம் ஜில்லுன்னு இருந்தது, அந்த வெயில்ல. மைக்கைக் குடுத்தேன். சார் மைக்கைப் பிடிச்சு, சட்டைப் பாக்கெட்லேர்ந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாலா மடிச்சது. ஏதோ எழுதியே கொண்டுவந்திருக்கார் போல. அதுக்குள்ள கீழேருந்து கோலெத் கடிகாரத்தைக் காட்டி, குலுக்கல், குலுக்கல்னு கையை ஆட்டினாங்க. சார் கடிகாரத்தைப் பாத்தார். காகிதத்தைத் திரும்பப் பாக்கெட்ல வச்சார். மைக்குல, "பரவாயில்லை. முடிச்சுக்கலாம்"னார்.

பந்தலே கவுந்துடுச்சு, அங்கிள். நான் செஞ்சதுக்கு வந்ததை விடப் பெரிய சிரிப்பு. எல்லாரும் எழுந்து நின்னு தட்டுறாங்க. நான் பக்கத்துல டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நினைச்சுப் பாருங்க. நான் எத்தனை நாள் அலைஞ்சு, பின்னாடியே போய்ப் பிடிச்ச வசனம். அதை என் பக்கத்துலயே நின்னு, எங்கிட்டேர்ந்தே எடுத்து, கடைசிக் கைதட்டலையும் வாங்கிட்டுப் போயிட்டார். கோவம் இல்ல. ஆனா ஒரு நியாயம் இருக்கு இல்ல? எவ்வளவு கச்சிதமா நேரம் பாத்துச் சொன்னார் தெரியுமா? இவ்வளவு திறமை வச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் சும்மா உக்காந்திருந்தார்.

சரி, விடுங்க. அது இல்ல நான் சொல்ல வந்தது.

குலுக்கல் நடக்கிறப்போ நான் தோசைக்கடைக்குப் போனேன். தோசைன்னா நம்ம தோசை இல்ல, பிரெஞ்சு தோசை, மைதாவுல, உள்ள சாக்லேட் தடவி மடிச்சுத் தருவாங்க. வேஷம் கலைக்கக்கூட இல்ல. பக்கத்துல யாரோ வந்து நின்னாங்க. பாத்தா சாரோட வீட்டம்மா.

"நீதானே தம்பி செஞ்சது?"

"ஆமா ஆன்ட்டி. எப்படி இருந்தது?"

அவங்க தட்டுல தோசையை வச்சுக்கிட்டு, சாப்பிடாம, "அவர் வீட்ல செஞ்சு காட்டுவார், தம்பி. பசங்க என்னைச் செய்றப்போ இப்படித்தான் செய்வாங்கன்னு. வேற மாதிரி இருக்கும்"னாங்க.

"எப்படி ஆன்ட்டி?"

தொழில் ஆர்வம், அங்கிள். கேக்காம இருக்க முடியல. அந்தம்மா சுத்திப் பாத்தாங்க. அப்புறம் முதுகை நிமிர்த்தினாங்க. தாடையைக் கொஞ்சம் மேல தூக்கி, குரலை அடி வயித்துலேர்ந்து எடுத்து, ஆனா சத்தம் இல்லாம, அந்த அடுப்புச் சூட்டுகிட்ட நின்னுக்கிட்டு, "கடைசி பெஞ்சுல யாரது? எழுந்திரு. என் கிளாஸ்ல ஒரு ஊசி விழுந்தாலும் எனக்குக் கேக்கணும். மெசியே பஸ்தியான், நீங்க அப்புறம் வாங்க, இது தமிழ் வகுப்பு." கையை நீட்டி வாசலைக் காட்டினாங்க. தோசை சுடுற அக்கா கரண்டியோட அப்படியே நின்னுட்டா. நான் கூட ஒரு அடி பின்னாடி போயிட்டேன்.

நல்லாச் செஞ்சாங்க. ரொம்ப நல்லாச் செஞ்சாங்க. ஆனா தப்பு, சார் அப்படி இல்லவே இல்ல. அதை எப்படி அவங்ககிட்டச் சொல்றது?

"இந்த மாதிரி எந்த வருஷத்துப் பசங்க தம்பி செஞ்சாங்க?"ன்னு கேட்டாங்க. "உனக்கு முன்னாடி இருந்தவங்களா?"

"எனக்கு முன்னாடி சாரை யாருமே செஞ்சதில்ல ஆன்ட்டி"ன்னேன். "நான்தான் முதல்."

பெருமையாத்தான் சொன்னேன். பெருமைப்படறதுக்கு இருக்கு இல்ல? இத்தனை வருஷத்துல யாருக்கும் கிடைக்காத ஆளைப் பிடிச்சிருக்கேன். ஒரு சபாஷ் சொல்லியிருக்கலாம். அவங்க கையில இருந்த காகிதத் தட்டைத் தோசையோட சேர்த்து ரெண்டா மடிச்சாங்க, அப்புறம் நாலா மடிச்சாங்க. சாக்லேட் வழிஞ்சு விரல் எல்லாம் ஒட்டுது. அதைக்கூடக் கவனிக்கல.

அப்பதான் சார் வந்தார். மாப்பிள்ளையும் பொண்ணும் பின்னாடி. சார் கையில சர்பத் கிளாஸ், அந்தம்மாவுக்குன்னு வாங்கிட்டு வந்திருக்கார். வந்து நின்னார். என்னைப் பாத்தார், அவங்களைப் பாத்தார். குடுக்கலாமா வேண்டாமாங்கிற மாதிரி கிளாஸைப் பாதி நீட்டி வச்சிருக்கார்.

"எப்படி இருந்தது?"ன்னு கேட்டார். மெதுவா. அவங்களைப் பாத்து இல்ல, கிளாஸைப் பாத்து.

அந்தம்மா கிளாஸை வாங்கினாங்க.

"நீங்க சொன்ன மாதிரியே இருந்ததுங்க."

நான் அங்கதான் நிக்கிறேன், அங்கிள். என் காதால கேட்டேன். ஒரு நிமிஷத்துக்கு முன்னாடிதான் வேற மாதிரின்னு செஞ்சே காட்டினாங்க. இப்ப அப்படியே மாத்திச் சொல்றாங்க, கண்ணைக்கூட சிமிட்டாம.

சார் கொஞ்ச நேரம் அவங்களையே பாத்தார். அப்புறம் தோள் ரெண்டும் இறங்குச்சு, ஏதோ மூட்டையைக் கீழ வச்ச மாதிரி. மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "சொன்னேன் இல்ல மாப்பிள்ளை"ன்னார். மாப்பிள்ளை, "ஆமா மாமா, பிரமாதம்"னார். அப்புறம் நாலு பேரும் ஸ்கூட்டி நிக்கிற பக்கம் போனாங்க. அந்தம்மா போறப்போ ஒட்டுற விரலைச் சேலைத் தலைப்புல துடைச்சுக்கிட்டே போனாங்க.

இதுல என்ன இருக்குன்னு நீங்க கேக்கலாம். ஒண்ணும் இல்ல. ஒரு வரிதான். ஆனா அந்தக் குரல் வரல எனக்கு. டாக்டர் நினைக்கிறார், கூத்துல கத்தித்தான் தொண்டை போச்சுன்னு. அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாங்க. இல்ல. கூத்து முடிஞ்சப்போ தொண்டை நல்லாத்தான் இருந்தது. மறுநாள்லேர்ந்து அந்த வரியைச் சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கேன், குளிக்கிறப்போ, மாடியில, சைக்கிள்ல போறப்போ. அதுலதான் போச்சு. சாதாரணக் குரல்தான் அது. பெரிசாவும் இல்ல, சின்னதாவும் இல்ல. பொய் சொல்ற குரல் எனக்கு நல்லா வரும், எங்க கிளாஸ்ல எல்லார் பொய்யும் எனக்கு வரும். அதுல போட்டுச் சொன்னா இது வரல. நிஜம் சொல்ற குரல்லயும் வரல. நஸ்ரின்கிட்டச் சொல்லிக் காட்டினேன். "யாரோ துணிக்கடைல சொல்ற மாதிரி இருக்கு"ன்னா.

மூச்சு விடுற இடத்துல ஏதோ இருக்கு. அதைக் கண்டுபிடிச்சா வந்துடும்.

கூப்பிடறாங்க, என் நம்பர்தான். இருக்கட்டும், ரெண்டு தடவை கூப்பிடுவாங்க. அங்கிள், உங்களுக்குக் கல்யாணம் ஆகி ரொம்ப நாள் இருக்கும் இல்ல? அப்ப உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை சொல்றேன், நல்ல காதால கேளுங்க. சரியா இருந்தா தலையாட்டுங்க, போதும்.

"நீங்க சொன்ன மாதிரியே இருந்ததுங்க."

இல்லையா?

கொஞ்சம்கூட?